பன்னிரண்டு மணி என்று சொன்னோம்

பள்ளிபாளையம்
18.11.2024

நவநீதம் தம்பிக்கு,

அண்ணி மலர்விழி எழுதுவது. நான் ஏன் போனை எடுப்பதில்லை என்று மகள் யுவஸ்ரீயிடம் மூன்று முறை கேட்டீர்களாம். கோபம்தான். இல்லை என்று சொன்னால் அது பொய். ஆனால் கோபம் மட்டும் இல்லை. நான் போனைக் காதில் வைத்தால் உங்கள் அண்ணன் என் வாயையே உற்றுப் பார்க்கிறார். அப்புறம் தானும் பேசப் பார்க்கிறார். வருவதெல்லாம் "அத்தத்த, அத்தத்த" தான். வலது கை விழுந்துவிட்டதல்லவா, இடது கையால் தலையில் மடார் மடார் என்று அடித்துக்கொள்கிறார். அதனால் வீட்டில் யாரும் போன் பேசுவதில்லை. பிசியோதெரபிக்காரர் அவர் காலை மடக்கி நீட்டிக்கொண்டிருக்கிறார், நான் வெளியே பெஞ்சில் உட்கார்ந்து யுவஸ்ரீயின் நோட்டில் தாள் கிழித்து இதை எழுதுகிறேன்.

விழுந்து ஐந்து வாரம் ஆகிறது. பிடித்துக்கொண்டால் நிற்கிறார். பேச்சு இல்லை. எழுதவும் வரவில்லை. குணசீலன் என்ற தன் பெயரை எழுதச் சொன்னால் பேனாவைத் திருப்பித் திருப்பிப் பார்க்கிறார்.

நீங்கள் கோபித்துக்கொண்டாலும் கேட்கத்தான் போகிறேன். அடைப்பைக் கரைக்கிற ஊசி போட்ட அன்று சாயங்காலமே மூளைக்குள் ரத்தம் கசிந்து அவர் கண் திறக்காமல் கிடந்தார். நீங்கள் வந்து நாலு நாள் இருந்தீர்கள். ஐந்தாம் நாள் காலையில், "எலிங்களுக்கு நாள் குறிச்சிருக்குங்க அண்ணி, போயே ஆகணும்" என்று பையை எடுத்துக்கொண்டு கிளம்பிவிட்டீர்கள். எலிக்கு நாள் குறித்திருக்கிறதாம்! வந்த சொந்தம், ஒறம்பரையெல்லாம் என் முகத்தைப் பார்த்தார்கள். நான் எங்கே போய் முட்டிக்கொள்வது?

சரி, போனது போகட்டும். போன மாரியம்மன் நோம்பிக்கு வந்தபோது சோறு தின்றுகொண்டே சொன்னீர்கள், "எங்க லேப்ல ஒரு மருந்து இருக்குதுங்க அண்ணி, பக்கவாதம் வந்த எலி பதினஞ்சு நாள்ல கம்பி ஏறுது" என்று. அப்போது உங்கள் அண்ணன், "நம்ம நவநீதம் எலி டாக்டர்" என்று கேலி செய்தார். அந்த மருந்தை அனுப்பி வையுங்கள். கையெழுத்து எங்கே வேண்டுமானாலும் போடுகிறேன். எலிக்குக் கொடுப்பதை அவருக்குக் கொடுக்கக் கூடாதா?

மலர்விழி


புனே
27.11.2024

அன்புள்ள அண்ணிக்கு,

கடிதம் கிடைத்தது. பதில் எழுத இரண்டு நாள் ஆகிவிட்டது.

அந்த மருந்து மனிதர்களுக்கானது இல்லை. பொய்யாக நம்பிக்கை கொடுக்க எனக்கு மனம் வரவில்லை. எங்கள் வேலை என்ன என்று உங்களுக்குச் சரியாகச் சொன்னதே இல்லை, இப்போது சொல்கிறேன். மூளைக்குப் போகும் ரத்தக்குழாய் அடைத்ததும் அந்த இடம் செத்துப்போகிறது. அதைச் சுத்தம் செய்ய உடம்பின் காவல் செல்கள் கூட்டமாக வருகின்றன. அதற்குத்தான் அழற்சி என்று பெயர். சுத்தம் செய்வது நல்லதுதான். ஆனால் அவற்றுக்கு எங்கே நிறுத்துவது என்று தெரிவதில்லை. தீயணைக்க வந்தவர்கள் பக்கத்து வீட்டையும் சேர்த்து இடித்துவிட்டுப் போவது மாதிரி, பிழைத்திருக்கும் இடத்தையும் கெடுக்கின்றன. மூன்றாம் நாள் அவற்றை அடக்கினால் எலி தேறுகிறது. அவ்வளவுதான் எங்களுக்குத் தெரியும்.

என் எலிகள் எல்லாம் இளசு. ஒரே தீனி. பிரஷர் கிடையாது, சர்க்கரை கிடையாது. அடைப்பையும் நானேதான் வைக்கிறேன். கழுத்து ரத்தக்குழாய் வழியாக ஒரு நைலான் நூலை மூளை வரை விட்டு, குறித்த நேரத்தில் உருவ வேண்டும். என் கை மாதிரி யாருக்கும் வரவில்லை என்கிறார்கள். தறிக்காரர் வீட்டுக் கை. ஒவ்வொரு எலிக்கும் எத்தனை மணி எத்தனை நிமிடத்தில் வாதம் வந்தது என்று எனக்குத் தெரியும். மனிதர்களிடம் இதெல்லாம் கிடையாது. எலியைக் குணமாக்கிய எத்தனையோ மருந்துகள் மனிதர்களிடம் வந்து ஒன்றுமில்லாமல் போயிருக்கின்றன.

அண்ணனுக்கு ஐந்து வாரம் ஆகிவிட்டது. அடக்கவேண்டிய நாட்கள் போய்விட்டன. இனிப் பயிற்சிதான். பேச்சுப் பயிற்சிக்கு ஈரோட்டில் ஆள் இருந்தால் தினமும் கூட்டிப் போங்கள். பிரஷர் மாத்திரையை ஒரு நாளும் விடாதீர்கள். புறா ரத்தம் தடவுகிறேன், எண்ணெய் போடுகிறேன் என்று யாராவது வந்தால் வாசலோடு அனுப்பிவிடுங்கள்.

கிளம்பி வந்ததற்கு மன்னியுங்கள்.

நவநீதகிருஷ்ணன்


பள்ளிபாளையம்
15.12.2024

நவநீதம் தம்பிக்கு,

மருந்து இல்லை என்று ஒரு வரியில் சொல்லியிருக்கலாம். மூன்று பக்கம் படித்துவிட்டு அதைத்தானே தெரிந்துகொண்டேன்.

ஆனால் நான் சும்மா இருக்கவில்லை. ஒரு யோசனை தோன்றியது. நம் பட்டறையில் ஆறு தறியும் ஓடும்போது யாராவது வாயால் பேசுகிறோமா? எல்லாம் கைதானே. கட்டை விரலை வாய்க்குக் கொண்டுபோனால் டீ. இரண்டு விரலைக் கத்தரி மாதிரி ஆட்டினால் பாவு நூல் அறுந்தது. கன்னத்தைத் தொட்டால் யுவஸ்ரீ. நான் கல்யாணமாகி வந்தபோது முதலில் கற்றது அதைத்தான். வாய்ப் பேச்சு போனால் என்ன, கைப் பேச்சு இருக்குமே என்று அவரைப் பட்டறைக்குக் கூட்டிப் போனேன். தறியை ஓடவிட்டேன். எதிரே நின்று, டீ வேண்டுமா என்று கேட்டேன்.

அவர் பார்த்தார். இடது கை எழுந்தது. விரலை விரித்தார், மடக்கினார், காதைத் தொட்டார், மறுபடி விரித்தார். ஒன்றும் ஒன்றோடும் சேரவில்லை. அவருக்கே அது தெரிந்துவிட்டது. அழுதார். தறிச் சத்தத்தில் அழுகை கேட்கவில்லை.

ராமாத்தாள் தறியை நிறுத்திவிட்டு வந்தாள். இருபது வருடமாக நம்மிடம் ஓட்டுகிற அவளுக்கு அவர் கை அசைந்தாலே விஷயம் தெரியும். அவள் சொன்னதுதான் என்னைத் தூங்கவிடாமல் அடிக்கிறது. "அன்னைக்கும் இப்படித்தானுங்க்கா பண்ணுனாரு. நான் எட்டு மணிக்கு வந்தப்பவே. நூல் தார் வேணுமின்னு கேட்டா டீயின்னு காட்டுறாரு, பாவுங்கிறேன், அதுக்கும் டீயிங்கிறாரு. ஊட்ல சண்டையாட்ட இருக்குது, வெளையாடுறாருன்னு உட்டுட்டேன்."

சண்டைதான் தம்பி. பிரஷர் மாத்திரை போடவில்லை என்று முந்தின நாள் கத்தினேன். அன்று காலையிலிருந்து அவருக்கு முதுகைக் காட்டிக்கொண்டுதான் தறி ஓட்டினேன். அவர் இரண்டு தரம் என் பக்கம் வந்து கையை ஆட்டினார். கிண்டல் செய்கிறார் என்று நினைத்து நான் முகத்தைத் திருப்பிக்கொண்டேன்.

அவர் விழுந்தது பன்னிரண்டு மணிக்கு. எப்போது வந்தது என்று டாக்டர் கேட்டபோது பன்னிரண்டு என்றுதான் சொன்னேன். நாலரை மணி நேரத்துக்குள் என்றால் ஊசி போடலாம் என்று சொல்லி, ஒன்றேகாலுக்குப் பிறகு போட்டார்கள். வாதம் எட்டு மணிக்கே வந்துவிட்டதா? நான் சொன்ன நேரம் தப்பா? அதனால்தான் ரத்தம் கசிந்ததா?

நீங்கள் படித்தவர். எனக்குப் பொய் சொல்ல மாட்டீர்கள் என்று நம்பித்தான் கேட்கிறேன்.

மலர்விழி


புனே
24.12.2024

அன்புள்ள அண்ணிக்கு,

கண்டதையும் நினைத்து மனதைக் கெடுத்துக்கொள்ள வேண்டாம். அந்த ஊசி போட்டால் சரியான நேரத்தில் போட்டவர்களுக்கும் நூற்றில் சிலருக்கு ரத்தம் கசியும். நீங்கள் சொன்ன நேரத்துக்கும் அதற்கும் சம்பந்தம் இல்லை. ராமாத்தாள் இரண்டு மாதம் கழித்துச் சொல்வதை வைத்து ஒன்றும் முடிவு செய்ய முடியாது.

வாய்ப் பேச்சும் கைச் சைகையும் பெரும்பாலும் மூளையின் ஒரே பக்கத்திலிருந்துதான் வருகின்றன. அதனால்தான் இரண்டும் சேர்ந்து போயின. இனிமேல் அவரைப் பட்டறைக்குக் கூட்டிப்போய்ச் சோதிக்காதீர்கள்.

இங்கே வேலை அதிகம். பொங்கலுக்கு வர முடியாது.

நவநீதகிருஷ்ணன்


பள்ளிபாளையம்
22.1.2025

நவநீதம்,

பொங்கல் போயிற்று. நாங்கள் பொங்கல் வைக்கவில்லை.

சம்பந்தம் இல்லை என்று நீங்கள் எழுதியதைப் படித்து முதலில் நிம்மதியாகத்தான் இருந்தது. இரண்டு நாள் நன்றாகச் சாப்பிட்டேன்கூட. அப்புறம் யோசித்தேன். மருந்து இல்லை என்று சொல்ல மூன்று பக்கம் எழுதுகிறவர், இதற்கு மட்டும் ஏன் ஐந்து வரியோடு நிறுத்திக்கொண்டார்?

போன வாரம் செக்கப்புக்குப் போனபோது டாக்டரிடம் நானே சொன்னேன். காலையிலேயே கை தடுமாறியிருக்கிறது, எனக்குத் தெரியவில்லை, நான் தப்பான நேரம் சொல்லிவிட்டேன் என்று. அவர் பழைய சீட்டை எடுத்துப் பார்த்தார். "உங்களுக்குத் தெரிஞ்சதத்தானுங்கம்மா சொன்னீங்க" என்றார். பிறகு, "எட்டு மணின்னு தெரிஞ்சிருந்தா நாங்க ஊசி போட்டிருக்க மாட்டோம்" என்றும் சொன்னார். நல்ல மனிதர். மறைக்கவில்லை.

வீட்டுக்கு வந்து அவருடைய போனைச் சார்ஜில் போட்டேன். மூன்று மாதமாக அலமாரியில் கிடந்தது. அன்று காலையில் கடைசியாக யாரிடம் பேசினார், பேசியவர்களுக்காவது ஏதாவது தெரிந்திருக்குமா என்று பார்க்கத்தான் எடுத்தேன். அக்டோபர் பதினான்கு, காலை 8.47. வீடியோ கால். இரண்டு நிமிடம். 'தம்பி' என்று இருக்கிறது.

நாலு நாள் ஆஸ்பத்திரி வராந்தாவில் என்னோடு உட்கார்ந்திருந்தீர்கள். ஒரு வார்த்தை சொல்லவில்லை. உங்கள் அண்ணன் உங்களுக்கு என்ன காட்டினார்?

மலர்விழி


புனே
2.2.2025

அண்ணி,

இதை நாலு முறை எழுதிக் கிழித்துவிட்டேன். இதையாவது அனுப்பிவிட வேண்டும்.

அண்ணன் கூப்பிட்டபோது மேசையில் ஒரு எலி மயக்கத்தில் கிடந்தது. கழுத்தைத் திறந்து நூலை உள்ளே விட்டுக்கொண்டிருந்தேன். பக்கத்தில் நின்ற பெண் போனை எடுத்துச் சாய்த்து வைத்தாள். பின்னால் தறி ஓடுகிறது. அண்ணன் கட்டை விரலை வாய்க்குக் கொண்டுபோனார். டீ. குடித்தாயிற்று என்று தலையாட்டினேன். மறுபடியும் டீ. மறுபடியும். சிரிப்பே இல்லை. முகம் பயந்துபோயிருந்தது. அது எனக்குத் தெரிந்தது, அண்ணி. தெரியவில்லை என்று சொல்ல மாட்டேன். என்னமோ சரியில்லை என்று தோன்றியது. ஆனால் நூல் பாதி உள்ளே இருந்தது. அப்புறம் கூப்பிடுகிறேன் என்று சொல்லிப் போனை வைக்கச் சொன்னேன். அன்றைய நோட்டில் என் கையெழுத்தில் இருக்கிறது, எலி எண் 31, அடைப்பு வைத்த நேரம் 8.49. ஏழு வருடமாகப் பக்கவாதத்தைப் படிக்கிறவன், கூடப்பிறந்தவனுக்கு அது வந்துகொண்டிருந்ததைக் கண்ணால் பார்த்துக்கொண்டே எலிக்கு அதை வரவைத்துக்கொண்டிருந்தேன். திரும்பக் கூப்பிடவும் மறந்துவிட்டேன்.

இது பாதிதான். மீதியைச் சொல்லாமல் விட்டால் இதுவும் பொய்தான்.

ஒரு மணிக்கு ஆஸ்பத்திரியிலிருந்து நீங்கள் கூப்பிட்டீர்கள். "டாக்டர் நேரம் கேக்குறாருங்க தம்பி, பன்னெண்டுன்னு சொல்லட்டுங்களா?" என்றீர்கள். அந்த நொடியில் எல்லாம் எனக்குப் புரிந்துவிட்டது. டீ என்று காட்டியது டீ இல்லை என்று புரிந்துவிட்டது. 8.47 என்று சொன்னால் ஊசி போட மாட்டார்கள் என்பதும் தெரியும். கணக்குப் போட்டேன். போட்டால் பிழைக்க ஒரு வழி. நேரம் தாண்டியிருந்தால் கசியலாம். "ஆமாங்க அண்ணி, பன்னெண்டுன்னே சொல்லுங்க" என்றேன்.

தப்பான நேரத்தைச் சொன்னது நீங்கள் இல்லை. சொல்ல வைத்தவன் நான். நேரம் சந்தேகமாக இருக்கும் எலியை நாங்கள் ஒதுக்கிவிடுவோம், அதற்கு மருந்து கொடுக்க மாட்டோம். எலியிடம் செய்யத் துணியாததை அண்ணனிடம் செய்தேன்.

8.47 முதல் ஊசி போட்ட 1.20 வரை நாலு மணி முப்பத்து மூன்று நிமிடம். மூன்று நிமிடம்தானே தாண்டியது, மூன்று நிமிடத்தில் என்ன ஆகிவிடும் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டு இரண்டு மாதம் ஓட்டினேன். ராமாத்தாள் எட்டு மணிக்கே பார்த்தாள் என்று நீங்கள் எழுதினீர்கள். அதற்குப் பிறகு சொல்லிக்கொள்ள ஒன்றும் இல்லை.

நேரத்தால்தான் கசிந்ததா என்று கேட்டால், தெரியாது. சரியான நேரத்தில் போட்டிருந்தாலும் கசிந்திருக்கலாம். போடாமலே இருந்திருந்தாலும் பேச்சு போயிருக்கலாம். இதை எந்த டாக்டராலும் சொல்ல முடியாது. ஆறுதலுக்காக இதை எழுதவில்லை.

எலிகளுக்கு யாரும் நாள் குறிக்கவில்லை. ஐந்தாம் நாள் அண்ணன் கண் திறந்தார். என்னைப் பார்த்தார். என்னால் அங்கே இருக்க முடியவில்லை. ஓடி வந்துவிட்டேன்.

நவநீதம்


புனே
9.3.2025

அண்ணி,

ஐந்து வாரமாகப் பதில் இல்லை. கடிதம் சேர்ந்துவிட்டது என்று தபால்துறை இணையதளத்தில் காட்டுகிறது. யுவஸ்ரீயும் போனை எடுப்பதில்லை, பரீட்சை நேரம் போல.

திட்டியாவது எழுதுங்கள். அண்ணன் எப்படி இருக்கிறார் என்று ஒரு வரி போதும்.

நவநீதம்


பள்ளிபாளையம்
16.4.2025

நவநீதம்,

உன் அண்ணன் அப்படியேதான் இருக்கிறார். ஆறு மாதம் முடிந்துவிட்டது. "இதுக்கு மேல பெருசா மாற்றம் வராதுங்கம்மா, இருக்கறத வச்சுப் பழகிக்கோங்க" என்று டாக்டர் சொல்லிவிட்டார். பேச்சுப் பயிற்சிப் பெண்ணும் வாரம் ஒரு முறை வந்தால் போதும் என்றுவிட்டாள். அப்படியென்றால் என்ன அர்த்தம் என்று எனக்குத் தெரியாதா?

உன் கடிதத்தைப் படித்ததும் உன்னைக் கொன்றுவிடலாம் என்றுதான் இருந்தது. பட்டறைக்குப் போய் ஆறு தறியையும் ஓட்டிவிட்டு நடுவில் நின்று கத்தினேன். உன்னைத் திட்டாத வார்த்தை இல்லை. பாழாய்ப் போகிறவனே என்று தொடங்கி, உன் படிப்பு, உன் எலி எல்லாவற்றையும் இழுத்துத் திட்டினேன். ராமாத்தாள் பயந்துபோய் மெயினை அணைத்தாள். அப்படியும் அடங்கவில்லை.

அப்புறம் ஒரு வாரம் கழித்து யோசித்தேன். அன்று ஆஸ்பத்திரியிலிருந்து கூப்பிட்டபோது போனில் நீ என்னிடம், "காலையிலயே வந்திருச்சுங்க அண்ணி, மெய்யைச் சொன்னா ஊசி போட மாட்டாங்க, சொன்னா ஆபத்து, சொல்லாட்டியும் ஆபத்து, என்ன பண்ணலாமுங்க" என்று கேட்டிருந்தால் நான் என்ன சொல்லியிருப்பேன்? பன்னிரண்டு என்றுதான் சொல்லியிருப்பேன். சத்தியமாகச் சொல்கிறேன். அவர் எப்படியாவது எழுந்து உட்கார்ந்தால் போதும் என்று தலையால் அடித்துக்கொண்டிருந்தவள் நான். ஆனால் நீ கேட்கவில்லை. புருஷன் எனக்கு. முடிவை நீயே எடுத்துவிட்டு என் வாயால் சொல்ல வைத்தாய். இதை மட்டும் என்னால் தாங்க முடியவில்லை.

கடிதத்தை அவருக்குப் படித்துக் காட்டினேன். தெரிய வேண்டியவர் அவர்தானே. முழுவதும் என் வாயையே பார்த்துக்கொண்டிருந்தார். முடித்ததும் டம்ளரைக் காட்டினார். தண்ணீர் கொடுத்தேன், தள்ளிவிட்டார். ஜன்னலைக் காட்டினார். திறந்தேன், அதுவும் இல்லை என்று தலையாட்டினார். உன்னை மன்னித்தாரா, நாசமாய்ப் போ என்றாரா, இல்லை வெறும் புழுக்கமா, எனக்குத் தெரியாது. இனி எப்போதும் தெரியப் போவதில்லை. உனக்கும்தான்.

இவ்வளவோடு நிறுத்தியிருப்பேன். உனக்குக் கடிதம் எழுதும் எண்ணமே இல்லை. யுவஸ்ரீயால்தான் எழுதுகிறேன்.

அவள் பன்னிரண்டாம் வகுப்புப் பரீட்சையை முடித்துவிட்டாள். நன்றாக எழுதியிருக்கிறேன் என்றாள். சித்தப்பா மாதிரி மூளையைப் பற்றிப் படிக்கப் போகிறேன், அப்பாவைப் பேச வைக்கப் போகிறேன் என்று இந்த ஆறு மாதமும் அதையே சொல்லிக்கொண்டிருந்தாள். உன் போட்டோவைப் படிக்கிற மேசையில் ஒட்டி வைத்திருந்தாள். கடிதத்தை நான் பருப்பு டப்பாவுக்கு அடியில் வைத்திருந்தேன். போன வாரம் சாம்பார் வைக்கிறேன் என்று எடுத்தவள் படித்துவிட்டாள். நான் தறியிலிருந்து வந்தபோது அடுப்பில் பருப்பு தீய்ந்துகொண்டிருந்தது. அவள் தரையில் உட்கார்ந்திருந்தாள்.

அழவில்லை, என்னைக் கேட்கவும் இல்லை. எழுந்து போய் உன் போட்டோவைப் பிய்த்தாள். அன்றிலிருந்து எட்டு நாள் ஆகிறது, ஒரு வார்த்தை பேசவில்லை. சோறு போட்டால் தின்கிறாள், அப்பாவுக்கு மாத்திரை கொடுக்கிறாள். காலேஜுக்கு எழுதிப் போட வேண்டிய தாளையெல்லாம் எடுத்து மூட்டை கட்டி வைத்துவிட்டாள். நான் என்ன கேட்டாலும் என் வாயையே பார்க்கிறாள். எனக்குப் பயமாக இருக்கிறது.

உன் அண்ணன் இனிப் பேச மாட்டார், அது முடிந்த கதை. இவளுக்கு மூளையில் ஒரு குறையும் இல்லை. இவளால் பேச முடியும். என்னிடம் பேச மாட்டாள், நானும் அன்று பன்னிரண்டு என்று சொன்னவள்தானே. உன்னைப் பார்த்தால் பேசுவாள். திட்டத்தான் செய்வாள், அடித்தாலும் அடிப்பாள். நான் தடுக்க மாட்டேன்.

மன்னிப்புக் கேட்டுக் கடிதம் எழுதாதே. போனிலும் வேண்டாம். ரயில் ஏறி வா. அவள் எதிரே நின்று வாங்கிக்கொள்.

மலர்விழி